எல்டிஎல் 168, மாமனாருக்கு 52 வயதில் மாரடைப்பு: மாத்திரையைத் தொடங்கலாமா?

ஒரு சகோதரி தன் கணவருக்காகக் கேட்டிருக்கிறார். கணவருக்கு 43 வயது. அலுவலகத்தில் செய்த பரிசோதனையில் மொத்த கொலஸ்ட்ரால் 248, 'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்டிஎல் 168, 'நல்ல கொழுப்பு' எனப்படும் எச்டிஎல் 38, இன்னொரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 210 என்று வந்திருக்கிறது. மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.0. உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. ஈசிஜி, எக்கோ, ட்ரெட்மில் மூன்றும் நார்மல். மருத்துவர் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ரோசுவாஸ்டாடின் 10 மாத்திரையை எழுதிக் கொடுத்திருக்கிறார். "ஒரு தடவை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாது, கிட்னி போய்விடும், செக்கு எண்ணெய்க்கு மாறினாலே எல்லாம் சரியாகும்" என்கிறார் மாமியார். கடைசியில் ஒரே வரியில், மாமனார் 52 வயதில் மாரடைப்பில் இறந்தவர் என்றும் எழுதியிருக்கிறார். என்ன செய்யலாம் என்பது கேள்வி.

மாத்திரையைத் தொடங்குங்கள் என்பதுதான் என் பதில். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். காரணம் புரியாமல் ஆரம்பித்த மாத்திரையை இரண்டு மூன்று மாதத்தில் நிறுத்திவிட்டு வருபவர்களைத்தான் வெளிநோயாளிகள் பிரிவில் நான் அதிகம் பார்க்கிறேன். உங்கள் மாமியார் பயப்படுவதில் தப்பில்லை. கணவரை அந்த வயதில் பறிகொடுத்தவர், மகன் விஷயத்தில் எதற்கும் தயங்கத்தான் செய்வார். அவருக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

முதலில் அந்த ரிப்போர்ட். 248 என்ற மொத்த அளவைப் பார்த்துத்தான் எல்லாரும் பதறுகிறார்கள். எனக்கு அந்த எண் அவ்வளவாக உதவாது; எல்லா வகைக் கொழுப்பையும் ஒன்றாகக் கூட்டிய தொகை அது. அதிலிருந்து எச்டிஎல் 38-ஐக் கழித்தால் 210 வருகிறது. உபயோகமான எண் இதுதான். ரத்தக்குழாயில் போய்ப் படியக்கூடிய எல்லாத் துகள்களும் இதற்குள் அடங்கிவிடும். பல ஆய்வகங்கள் இதை 'நான் எச்டிஎல்' (Non-HDL) என்று தனி வரியாகவே அச்சிடுகின்றன. எல்டிஎல்லைப் பெரும்பாலான இடங்களில் நேரடியாக அளப்பதில்லை. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லையும் ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துப் போடுகிறார்கள். 1972-ல் ஃப்ரீட்வால்டும் அவர் குழுவினரும் கொடுத்த கணக்கு இது. 248-ல் 38 போனால் 210. அதில் 42 போனால் 168. உங்கள் ரிப்போர்ட்டில் கணக்கு சரியாக வருகிறது. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டிவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது, நேரடியாக அளக்கச் சொல்ல வேண்டும்.

ஒரே ஆளுக்கு அடுத்தடுத்த வாரம் ரத்தம் எடுத்தாலும் எல்டிஎல் பத்துப் பதினைந்து புள்ளி ஏறி இறங்கும். கடும் காய்ச்சலில் இருந்து எழுந்தவருக்குக் குறைவாகக் காட்டும். முந்தின நாள் மது அருந்தியிருந்தால், அல்லது விருந்து சாப்பாடு சாப்பிட்டிருந்தால் ட்ரைகிளிசரைடு எகிறும். எனவே 168, அடுத்த முறை 155 ஆனால் சந்தோஷப்படவோ 178 ஆனால் அழவோ வேண்டாம். இந்த அளவில் இருக்கிறது என்பதுதான் செய்தி.

கொலஸ்ட்ரால் விஷமல்ல. நம் ஒவ்வொரு செல்லின் சுவரிலும் அது இருக்கிறது. பித்தநீர், வைட்டமின் டி, ஆண் பெண் ஹார்மோன்கள் எல்லாம் அதிலிருந்துதான் உருவாகின்றன. அவ்வளவு முக்கியமான பொருள் என்பதால் சாப்பாட்டில் வரட்டும் என்று உடம்பு காத்திருப்பதில்லை, தானே தயாரித்துக்கொள்கிறது. ரத்தத்தில் ஓடுவதில் ஏறக்குறைய முக்கால் பங்கு உடம்பு தயாரித்ததுதான். முட்டையைக்கூடத் தொடாத சைவர்களுக்கும் எல்டிஎல் 180, 190 வருவது இதனால்தான். "நான் கறியே சாப்பிடுவதில்லையே டாக்டர், எனக்கு எப்படி?" என்று கேட்பவர்கள் பொய் சொல்லவில்லை.

கொழுப்பு தண்ணீரில் கரையாது. அதனால் புரத உறைக்குள் வைத்துத்தான் ரத்தத்தில் அனுப்ப முடியும். அப்படி அனுப்பப்படும் துகள்களில் ஒன்று எல்டிஎல். தேவைக்கு மேல் அது சுற்றிக்கொண்டிருக்கும்போது தமனியின் உட்சவ்வுக்கு அடியில் புகுந்து மாட்டிக்கொள்கிறது. அதை அப்புறப்படுத்த வரும் வெள்ளை அணுக்கள் விழுங்கி விழுங்கி, வீங்கி, அங்கேயே செத்துக் குவிகின்றன. குவியலின் மேல் மெல்லிய நார்மூடி ஒன்று வளர்கிறது. இது வருடக்கணக்கில் நடப்பது. வலி கிடையாது, மூச்சிரைப்பு கிடையாது. ஒருநாள் அந்த மூடி கிழிந்தால், காயம் பட்ட இடம் என்று நினைத்து ரத்தம் அங்கே உறைகிறது. சில நிமிடங்களில் குழாய் அடைத்துவிடும். மாரடைப்பு என்பது பெரும்பாலும் இதுதான்.

இங்கேதான் உங்கள் வீட்டில் எல்லாருக்கும் தைரியம் கொடுத்த அந்த மூன்று நார்மல் ரிப்போர்ட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஈசிஜி அந்த நேரத்து மின்னோட்டத்தைப் பார்க்கிறது. எக்கோ இதயத் தசையையும் வால்வுகளையும் பார்க்கிறது. படிவு இருக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலையே இல்லை. ட்ரெட்மில், ஓடும்போது ரத்த ஓட்டம் பற்றாமல் போகிறதா என்று பார்க்கிறது. குழாய் நன்றாகவே சுருங்கியிருந்தால்தான் அதில் மாற்றம் தெரியும். ஆனால் மாரடைப்புகளில் கணிசமானவை, பாதிகூட அடைபடாத இடத்தில் மூடி கிழிந்து வருபவை. போன மாதம் ட்ரெட்மில் நார்மல், இந்த மாதம் மாரடைப்பு என்று கேள்விப்படுகிறோமே, அதற்குக் காரணம் மெஷின் கோளாறு அல்ல. அந்தப் பரிசோதனைகளிடம் நீங்கள் கேட்ட கேள்வியே வேறு. "எல்லாம் நார்மல், அப்புறம் எதுக்கு மாத்திரை?" என்ற வாதத்தை தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

படிவு எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறது என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு. கொரியப் போரில் இறந்த அமெரிக்கச் சிப்பாய்களின் இதயங்களைத் திறந்து பார்த்து 1953-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். சராசரி வயது 22. அவர்களில் நான்கில் மூன்று பேருக்கு இதயத் தமனிகளில் ஏதோ ஒரு அளவில் படிவு கண்ணுக்குத் தெரிந்தது. அதனால்தான் கொலஸ்ட்ராலை இன்றைக்கு எவ்வளவு என்று மட்டும் பார்க்கக் கூடாது. எவ்வளவு, எத்தனை வருடமாக என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உங்கள் கணவருக்கு 168 என்பது போன மாதம் முளைத்ததாக இருக்காது. இருபது, இருபத்தைந்து வயதிலிருந்தே அந்தப் பக்கமாக இருந்திருக்கும், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்த வருடக் கணக்குக்கு எனக்குத் தெரிந்து மிக அழுத்தமான ஆதாரம் 2006-ல் வந்தது. பிசிஎஸ்கே9 என்றொரு மரபணு. அதில் பிறவியிலேயே ஒரு மாற்றம் இருந்த கறுப்பின அமெரிக்கர்களுக்கு எல்டிஎல் சராசரி 100. அந்த மாற்றம் இல்லாதவர்களுக்கு 138. வித்தியாசம் வெறும் 38 புள்ளிதான். 15 ஆண்டு கவனித்ததில் முதல் வகையினருக்கு இதயத் தமனி நோய் 88 சதவீதம் குறைவு. அப்படியே மாத்திரை ஆய்வுகளுக்கு வாருங்கள். அங்கே எல்டிஎல் ஒவ்வொரு 39 புள்ளி குறையும்போதும் மாரடைப்பும் பக்கவாதமும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. குறைந்த புள்ளி கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு கூட்டத்துக்கு அது நடுவயதுக்கு மேல் நாலைந்து வருடம் கிடைத்தது, இன்னொரு கூட்டத்துக்குப் பிறந்ததிலிருந்து கிடைத்தது. 43-ல் தொடங்குவதற்கும் 55-ல் ஸ்டென்ட் வைத்தபின் தொடங்குவதற்கும் உள்ள வித்தியாசம் இதில் தெரிகிறது.

அப்புறம் நம் ஊர் நிலைமை. இதய மருத்துவர் சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்து 2004-ல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் நடுவயது 53 என்று வந்தது. மற்றவர்களுக்கு 59. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய இந்திய அளவிலான ஆய்வின் முடிவுகள் 2023-ல் வந்தன. அதில் பெரியவர்கள் ஐந்து பேரில் நாலு பேருக்கு ரத்தக் கொழுப்பில் ஏதோ ஒரு வகைக் கோளாறு இருந்தது. நம்மிடம் அடிக்கடி காண்பது உங்கள் கணவரின் ரிப்போர்ட்டில் இருப்பதே: எச்டிஎல் குறைவு, ட்ரைகிளிசரைடு அதிகம், சர்க்கரை எல்லைக்கோட்டில், கூடவே எல்டிஎல்லும் அதிகம். வயிற்றுச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் படம் முழுமையாகிவிடும். ஒரு டேப் எடுத்து அளந்து பாருங்கள்.

இவ்வளவுக்கும் மேலே மாமனாரின் 52. பெற்றோர், உடன்பிறந்தவர்களில் ஆணுக்கு 55 வயதுக்குள்ளோ பெண்ணுக்கு 65 வயதுக்குள்ளோ இதய நோய் வந்திருந்தால் அதை நாங்கள் தனி ஆபத்துக் காரணியாக எடுத்துக்கொள்கிறோம். நீங்கள் கடைசியில் எழுதிய வரியை நான் முதல் வரியாக வைத்துப் படித்தேன். 30 வயதில், குடும்பத்தில் யாருக்கும் இதய நோய் இல்லாத ஒருவருக்கு இதே 168 வந்திருந்தால், ஆறு மாதம் சாப்பாட்டையும் நடையையும் பார்த்துவிட்டு வாருங்கள் என்று நானே சொல்லியிருப்பேன். எண் ஒன்றானாலும் ஆள் வேறு.

மாத்திரை தொடங்கும் முன் மூன்று விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும். ஒன்று, தைராய்டு. தைராய்டு சுரப்பு குறைந்தால் எல்டிஎல் ஏறும். அதைச் சரிசெய்தாலே இறங்கிவிடும். டிஎஸ்எச் என்ற தைராய்டு பரிசோதனையைப் பார்க்காமல் கொலஸ்ட்ரால் மாத்திரை எழுதுவதை நான் விரும்புவதில்லை. சிறுநீரில் புரதம் போகிறதா, கல்லீரல் நொதிகள் எப்படி என்பதையும் அதே ரத்த, சிறுநீர் மாதிரியில் பார்த்துவிடலாம். ஸ்டீராய்டு ஏதாவது சாப்பிடுகிறாரா என்றும் கேளுங்கள்.

இரண்டாவதை வீட்டிலேயே பார்க்கலாம். குதிகாலுக்கு மேலே, காலின் பின்புறம் ஓடும் தசைநாரை இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். சீராக, ஓரங்கள் தெளிவாக விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். தடித்து, முண்டும் முடிச்சுமாக இருந்தால் அது வருடக்கணக்காகப் படிந்த கொலஸ்ட்ராலாக இருக்கலாம். கை விரல்களை மடக்கும்போது முட்டிகளுக்கு மேல் ஓடும் நாண்களிலும் இப்படி வரும். கண் இமையின் உள்மூலையில் மஞ்சள் திட்டு இருக்கிறதா, 45 வயதுக்குள்ளேயே கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இவை இருந்தாலோ எல்டிஎல் 190-ஐத் தாண்டினாலோ பரம்பரைக் கொலஸ்ட்ரால் நோயைச் சந்தேகிக்க வேண்டும். சுமார் 300 பேரில் ஒருவருக்கு அது இருக்கிறது, பெரும்பாலானோருக்குத் தெரியாமலே. அந்த நோய் உள்ளவர்களின் செல்களை ஆராய்ந்துதான் மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும் எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும் ஏற்பிகளைக் கண்டுபிடித்தார்கள். 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது. கல்லீரலின் மேல் அந்த ஏற்பிகள் எத்தனை இருக்கின்றன என்பதுதான் நம் ரத்தத்தில் எல்டிஎல் எவ்வளவு என்பதைப் பெரிதும் முடிவு செய்கிறது.

மூன்றாவது, லிப்போபுரோட்டீன் ஏ என்ற பரிசோதனை. எல்டிஎல்லைப் போன்ற இன்னொரு கொழுப்புத் துகளை அது அளக்கிறது. இது சாதாரண லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) பட்டியலில் வராது, தனியாகக் கேட்டு எடுக்க வேண்டும். இதன் அளவு பெரும்பாலும் பரம்பரையாக வருவது. சாப்பாட்டாலோ நடையாலோ மாறாது. அதனால் வாழ்நாளில் ஒருமுறை எடுத்தால் போதும். 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அதிகம். இந்திய இதயவியல் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் எல்லாரும் ஒருமுறையாவது இதைப் பார்க்கச் சொல்கிறது. இளவயது மாரடைப்பு நடந்த வீட்டில் இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

இனி சாப்பாடு. மாமியார் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. சாப்பாட்டை மாற்றத்தான் வேண்டும், ஆனால் அது எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். டொரண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் ஓட்ஸ், பார்லி, கத்தரி, வெண்டை, சோயா, பாதாம், தாவர ஸ்டெரால் எல்லாம் சேர்த்து, சாப்பாட்டை அவர்களே கொடுத்து 2003-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு மாதத்தில் எல்டிஎல் கிட்டத்தட்ட 29 சதவீதம் குறைந்தது. அதே முறையை வீட்டிலிருந்தபடி ஆறு மாதம் பின்பற்றச் சொன்னபோது குறைந்தது 13 சதவீதம். நம் வீடுகளில் உண்மையாக முயற்சி செய்பவர்களுக்குப் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். 168, 145-க்கு வரும். நல்லதுதான், ஆனால் உங்கள் கணவருக்கு அது போதாது.

செக்கு எண்ணெயைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்ணெயைச் செக்கில் ஆட்டினாலும் ஆலையில் பிழிந்தாலும் அதிலுள்ள கொழுப்பின் வகை மாறுவதில்லை. மணம், சுவை, சில நுண்சத்துகள் செக்கு எண்ணெயில் கூடுதலாக இருக்கும், சரி. ஆனால் தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. அது செக்கு எண்ணெயிலும் அப்படியேதான் இருக்கும். நல்லெண்ணெயில் 15 சதவீதம் போல, கடலை எண்ணெயில் 20-க்குள். நிறைவுற்ற கொழுப்பு, கல்லீரல் மேலுள்ள அந்த ஏற்பிகளைக் குறைத்துவிடுகிறது. மற்ற தாவர எண்ணெய்களோடு தேங்காய் எண்ணெயை ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2020-ல் பார்த்தபோது எல்டிஎல் சராசரியாகப் பத்துப் புள்ளி கூடியிருந்தது. தாளிக்க ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் ஊற்றுவதால் யாரும் கெட்டுப்போவதில்லை. தினமும் எல்லாச் சமையலும் அதில் என்றால் மாற்ற வேண்டும். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி, தவிட்டு எண்ணெய் எதுவானாலும் மாற்றி மாற்றி வாங்குங்கள். பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று போட்டிருப்பதற்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். தாவர எண்ணெய் எதிலுமே கொலஸ்ட்ரால் கிடையாது.

எந்த எண்ணெய் என்பதைவிட எவ்வளவு என்பதுதான் நம் வீடுகளில் பெரிய பிரச்சினை. ஒரு எளிய கணக்கு சொல்கிறேன். மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள் என்று மளிகைச் சிட்டையைப் பாருங்கள். ஆளுக்கு மாதம் அரை லிட்டர் போதும். நாலு பேர் வீட்டில் இரண்டு லிட்டருக்குப் பதிலாக ஐந்து லிட்டர் ஓடுகிறதென்றால் எங்கே போகிறது என்று தேடுங்கள்: வாரம் இருமுறை பூரி, தினம் ஒரு பொரியலுக்குப் பதில் வறுவல், அப்பளம். பொரித்து மிச்சமான எண்ணெயை மறுபடி மறுபடிக் காய்ச்சுவதையும் நிறுத்துங்கள். இந்தக் கணக்கை நீங்கள் மட்டும் தனியாகச் சுமக்க வேண்டாம். கணவரும் உட்கார்ந்து பார்க்கட்டும். மாலையில் அலுவலகத்துக்குக் கீழே டீக்கடையில் சாப்பிடும் பப்ஸும் வடையும் பிஸ்கட்டும் உங்கள் மளிகைச் சிட்டையில் வராது. அந்தப் பப்ஸில்தான் வனஸ்பதியும் பாமாயிலும் மைதாவும் ஒன்றாக இருக்கின்றன. வனஸ்பதி போன்றவற்றில் இருக்கும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2022 முதல் நாடு முழுக்க விதி இருக்கிறது. ஆனாலும் பேக்கரிப் பண்டம் தினசரிச் சாப்பாடாகக் கூடாது.

முட்டையைப் பற்றிப் பயம் வேண்டாம். சாப்பாட்டில் வரும் கொலஸ்ட்ரால் ரத்த அளவைப் பலருக்குக் கொஞ்சமாகத்தான் கூட்டுகிறது. ஒருநாளைக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்ற பழைய வரம்பை அமெரிக்க உணவு வழிகாட்டுதலே 2015-ல் எடுத்துவிட்டது. உங்கள் கணவரின் நிலையில் வாரத்துக்கு நாலைந்து முழு முட்டை பரவாயில்லை என்பேன். ஆட்டுக்கறி மாதம் ஒன்றிரண்டு தடவை, கொழுப்பை நீக்கிவிட்டு. மத்தி, கானாங்கெளுத்தி கிடைத்தால் வாங்கிக் குழம்பு வையுங்கள், பொரிக்காதீர்கள். கொழுப்பு அதிகமுள்ள ஆரஞ்சு பாக்கெட் பாலில் இருந்து கொழுப்பு குறைந்த நீலத்துக்கு மாறுங்கள். ஒரு நாளில் மூன்று காபி குடிக்கும் வீட்டில் அதுவே கணிசமான குறைப்பு.

சேர்க்க வேண்டியது கரையும் நார்ச்சத்து. அது குடலில் பித்தநீரைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடுகிறது. புதுப் பித்தநீர் செய்யக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது. வெண்டைக்காய், அவரை, கத்தரி, கொள்ளு, சுண்டல், வெந்தயம், கொய்யா, ஓட்ஸ் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். இசப்கோல் தினம் இரண்டு ஸ்பூன், நிறையத் தண்ணீரோடு, எல்டிஎல்லை ஐந்து முதல் பத்து சதவீதம் குறைக்கும். மாத்திரை சாப்பிடும் நேரத்தோடு அதைச் சேர்க்காமல் இரண்டு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ பாதாமோ நல்லது.

ட்ரைகிளிசரைடு 210-க்குக் காரணம் எண்ணெயைவிட அரிசியும் சர்க்கரையும்தான். மதுப் பழக்கம் இருந்தால் அதுவும். காலையில் ஆறு இட்லி, மதியம் தட்டு நிறையச் சோறு, இரவில் மறுபடி தோசை என்றால் மிஞ்சும் மாவுச்சத்தைக் கல்லீரல் ட்ரைகிளிசரைடாக மாற்றுகிறது. சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் காயும் பருப்பும் வையுங்கள். தினம் முக்கால் மணி நேரம் வேகமாக நடந்தால் இது நன்றாக இறங்கும், எச்டிஎல்லும் சற்று ஏறும். எல்டிஎல் மட்டும் நடையால் அதிகம் அசையாது. 210-க்கென்று தனி மாத்திரை தேவையில்லை. 500-ஐத் தாண்டினால் கணையம் பாதிக்கப்படலாம் என்பதால் அங்கே மருந்து அவசியம். எச்டிஎல்லை மருந்து கொடுத்து உயர்த்திப் பார்த்த ஆய்வுகள் பலன் தரவில்லை. அதற்கென்று விற்கும் எதையும் வாங்காதீர்கள். புகைப்பவர் என்றால், இந்தப் பதிலில் உள்ள எல்லாவற்றுக்கும் முன்னால் அதை நிறுத்த வேண்டும்.

மாத்திரைக்கு வருகிறேன். ஸ்டாடின் வகை மருந்துகளின் தொடக்கம் அரிசியில் வளர்ந்த ஒரு பூஞ்சை. ஜப்பானில் அகிரா எண்டோ சுமார் 6000 நுண்ணுயிர்களைச் சோதித்து, கியோட்டோவில் கிடைத்த அரிசிப் பூஞ்சையிலிருந்து 1973-ல் முதல் ஸ்டாடினைப் பிரித்தெடுத்தார். கல்லீரல் கொலஸ்ட்ரால் செய்யும் வழியில் ஒரு நொதியை அது தடுக்கிறது. உற்பத்தி குறைந்ததும் கல்லீரல் தன் மேல் ஏற்பிகளை அதிகமாக வைத்து, ரத்தத்தில் உள்ள எல்டிஎல்லை இழுத்துக்கொள்கிறது. 1994-ல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில் 4444 இதய நோயாளிகளை ஐந்து வருடத்துக்கு மேல் கவனித்தார்கள். ஸ்டாடின் எடுத்தவர்களிடையே மரணம் 30 சதவீதம் குறைந்தது. தமிழக அரசு 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு உடனே கொடுக்கும் மாத்திரைகளில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெலோடு ஸ்டாடினும் இருக்கிறது.

ரோசுவாஸ்டாடின் 10 எல்டிஎல்லை ஏறக்குறைய 45 சதவீதம் குறைக்கும். 168, தொண்ணூறை ஒட்டி வரும். சாப்பாட்டு மாற்றமும் சேர்ந்தால் எண்பதுக்குப் போகலாம். ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு 70-க்குக் கீழே வேண்டும் என்கிறோம். லிப்போபுரோட்டீன் ஏ எவ்வளவு வருகிறது என்று பார்த்து இலக்கை உங்கள் மருத்துவர் முடிவு செய்வார். அளவை இரட்டிப்பாக்கினால் இன்னும் ஆறு சதவீதம்தான் குறையும். அதனால் போதவில்லை என்றால் எசிடிமைப் என்ற இன்னொரு சிறு மாத்திரையைச் சேர்ப்பது மேல். அது கூடுதலாக ஐந்தில் ஒரு பங்கு குறைக்கும்.

மாத்திரை கிட்னியைக் கெடுக்காது. சிறுநீரக நோயாளிகளுக்கே இதயத்தைக் காக்க ஸ்டாடின் கொடுக்கிறோம். சிறுநீரகம் மிகவும் பழுதானவருக்கு ரோசுவாஸ்டாடினின் அளவைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். கொழுப்புக் கல்லீரல் இருப்பதும் தடையில்லை. சர்க்கரை கொஞ்சம் ஏறலாம் என்பது உண்மை. 6.0-ல் நிற்பவருக்கு நீரிழிவு வரும் நாளை அது சற்று முன்னால் இழுக்கலாம். ஆனால் அதே ஆளுக்குத்தான் மாரடைப்பு ஆபத்தும் அதிகம், அதனால் லாபக் கணக்கு மாத்திரையின் பக்கம்தான் சாய்கிறது. எடையில் நாலைந்து கிலோ குறைத்தால் அந்தச் சர்க்கரைக் கவலையும் பெருமளவு தீரும்.

தசைவலிதான் எல்லாரும் சொல்லும் புகார். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இதை அழகாகச் சோதித்து 2020-ல் வெளியிட்டார்கள். பக்கவிளைவால் ஸ்டாடினை நிறுத்திய 60 பேருக்குச் சில மாதம் ஸ்டாடின், சில மாதம் அதே போன்ற மருந்தில்லாத வெற்று மாத்திரை, சில மாதம் எதுவும் இல்லை என்று, எது ஸ்டாடின் எது வெற்று மாத்திரை என்பது தெரியாதபடி மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டாடின் மாதங்களில் சொன்ன தொந்தரவில் 90 சதவீதம் வெற்று மாத்திரை மாதங்களிலும் இருந்தது. வலி பொய்யல்ல, வலித்தது உண்மைதான். மாத்திரை கெடுதல் செய்யும் என்ற எதிர்பார்ப்பு அதை வரவழைக்கிறது. முடிவைக் காட்டியபின் அவர்களில் பாதிப்பேர் மறுபடி மாத்திரையைத் தொடங்கினார்கள். நிஜமாகவே தசை பாதிப்பவர்களும் உண்டு, மிகக் குறைவாக. இரண்டு தொடையும் இரண்டு தோளும் சேர்ந்து கடுமையாக வலித்து, சிறுநீர் காபி டிகாக்ஷன் நிறத்தில் போனால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். லேசான வலியென்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். வேறு ஸ்டாடின், குறைந்த அளவு, ஒருநாள் விட்டு ஒருநாள் என்று வழிகள் இருக்கின்றன. வேறு எதற்காவது மருந்து எழுதும்போதும் ஸ்டாடின் சாப்பிடுவதைச் சொல்லிவிடட்டும். சில ஆன்டிபயாட்டிக், பூஞ்சை மருந்துகள் அதோடு ஒத்துப்போகாது.

ஆயுசுக்கும் விட முடியாது என்பது உண்மையா? தொடர்ந்து சாப்பிட வேண்டும் என்பது உண்மை. உடம்பு அதற்கு அடிமையாகிவிடும் என்பது உண்மையல்ல. நிறுத்தினால் ஒன்றும் ஆகாது, சில வாரங்களில் எல்டிஎல் பழைய 168-க்குப் போய்விடும், அவ்வளவே. கல்லீரல் அப்பாவிடமிருந்து வந்த அதே கல்லீரல்தானே. இதனால்தான், மூன்று மாதம் சாப்பிட்டு ரிப்போர்ட்டில் 85 வந்ததும் "நார்மல் ஆயிடுச்சு" என்று நிறுத்திவிட்டு, அடுத்த வருடம் 170-ஓடு வருபவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அந்த 85 மாத்திரை சாப்பிடுவதால் வந்த 85. நிறுத்திய ஒரு வருடமும் படிவுக்குக் கொடுத்த வருடம். விலை பெரிய தடையாக இருக்காது. மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் இதே மருந்து கம்பெனிப் பெயர் இல்லாமல் மலிவாகக் கிடைக்கிறது. பூண்டு, இஞ்சிச் சாறு, ஆப்பிள் வினிகர் கலந்து காய்ச்சும் மருந்தைக் குடித்துக்கொள்ளட்டும், வயிறு ஒத்துக்கொண்டால். மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம்.

மாத்திரையை எந்த நேரத்திலும் சாப்பிடலாம். மறக்காமல் இருக்கப் பல் துலக்கும் நேரத்தோடு சேர்த்துக்கொள்ளட்டும். ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து லிப்பிடும் கல்லீரல் நொதியும் பாருங்கள், அதே ஆய்வகத்தில். இலக்கு வந்துவிட்டால் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருடத்துக்கு ஒருமுறை போதும்.

கணவரின் உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று நீங்கள் எழுதவில்லை. ஒரே தகப்பன் பிள்ளைகள் என்பதால் அவர்கள் எல்லாரும் இந்த மாதமே லிப்பிட் எடுக்க வேண்டும், லிப்போபுரோட்டீன் ஏ உட்பட. நாத்தனார்களை விட்டுவிடாதீர்கள், பெண்ணுக்கு வராது என்று நினைத்துப் பார்க்காமலே விடுகிறோம், மாதவிடாய் நின்றபின் எல்டிஎல் ஏறிவிடுகிறது. அவர்களில் யாராவது கர்ப்பமாக இருந்தால் பிரசவமாகிச் சில மாதம் கழித்துப் பார்த்தால் போதும், கர்ப்பத்தில் கொலஸ்ட்ரால் இயல்பாகவே கூடும், அப்போது ஸ்டாடினும் கொடுப்பதில்லை. உங்கள் பிள்ளைகளுக்கு 18 வயதானதும் முதல் பரிசோதனை. கணவரின் குதிகால் தசைநார் தடித்திருந்தாலோ, உறவில் யாருக்காவது 190-க்கு மேல் வந்தாலோ, அதுவரை காத்திருக்காமல் பத்து வயதிலேயே எடுத்துவிடுங்கள்.